பள்ளத்தூர் வீட்டிற்கு அடித்த கொசுவலைகள்: ஓராண்டுப் பயன்பாட்டிற்குப் பின் ஒரு மதிப்புரை

காரைக்குடியில் கொசுவலை தைத்துக் கொடுப்பதோடு சன்னல்களுக்கு வலைச்சட்டமும் அடித்துத் தரும் ஒரு சிறு கடையிடம், சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில், பள்ளத்தூரிலுள்ள எங்கள் வீட்டு வேலை முழுவதையும் ஒப்படைத்தோம். கட்டிலுக்கான வலைகள் 6, பாய் விரித்துப் படுப்பவர்களுக்கான பெரிய வலைகள் 2, சன்னல்கள் 14, மாடித் தொட்டி 1, கிணறு 1 என்பது கணக்கு. ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும், பங்காளிகள் அனைவரும் வந்து தங்கி முன்னோரை வழிபடும் ஒரு படைப்பும் கடந்துவிட்டன. ஆகவே எது நின்றது, எது கிழிந்தது, எது வீண் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது. நிறைகளோடு குறைகளையும் எழுதப் போவதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். நம் பக்கத்து வீடுகளுக்கு எந்தக் கடையில் வேலை கொடுத்தாலும் கவனிக்க வேண்டியவை இவையேதான்.

இந்த வேலைக்குக் காரணம் என் தம்பியின் மகன். ஒடிசாவில் பாலம் கட்டும் பணியில் இருந்த அவனுக்கு ஆடி மாதத்தில் அங்கேயே மலேரியா வந்தது. வைவாக்ஸ் வகை என்று இரத்தப் பரிசோதனையில் தெரிந்து, 3 நாள் குளோரோகுயினும் 14 நாள் பிரைமாகுயினும் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சல் நின்றதும், வேலை நெருக்கடியில், பிரைமாகுயினை ஐந்தாம் நாளோடு நிறுத்திவிட்டான். ஐப்பசியில் ஊருக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு பிற்பகலில் பற்கள் கிட்டும்படி குளிர் எடுத்தது. வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் போர்த்தியும் நடுக்கம் அடங்கவில்லை. பிறகு அனலாகக் காய்ச்சல், அதன் பிறகு வேர்த்துக் கொட்டி அயர்ந்த தூக்கம். ஒரு நாள் விட்டு மறுநாள் ஏறக்குறைய அதே வேளையில் மீண்டும் அதே குளிர். எங்கள் அப்பத்தா இருந்திருந்தால் பார்த்தவுடன் முறைக்காய்ச்சல் என்று சொல்லியிருப்பார்கள். பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன ஐயாக்கள் இந்தக் காய்ச்சலோடு ஊர் திரும்பி, கசப்புத் தாங்காமல் கொயினா மருந்தை வெல்லத்தில் பொதிந்து விழுங்கியதை அவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள்.

அரசு மருத்துவமனையில் விரலில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தில் மீண்டும் வைவாக்ஸ் தெரிந்தது. புதிதாக எந்தக் கொசுவும் கடிக்காமலே இது வரக்கூடும். இவ்வகை ஒட்டுண்ணியின் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக் கிடந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து விழித்து இரத்தத்திற்குள் இறங்கும். குளோரோகுயின் இரத்தத்தில் இருப்பதை அழிக்குமே தவிர உறங்குவதைத் தொடாது. அதற்குத்தான் 14 நாள் பிரைமாகுயின். கர்ப்பிணிகளுக்கு அதைத் தருவதில்லை. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பதால், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. இம்முறை மருத்துவர் மேற்பார்வையில் 14 நாளும் அவனை என் கண்ணெதிரில் விழுங்க வைத்தேன்.

நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்தவள். அவன் குணமாவான் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. வீட்டைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். வைவாக்ஸ் நோயாளியைக் காய்ச்சலின் தொடக்க நாள்களிலேயே கடிக்கும், மலேரியாவைப் பரப்பும் இனமான அனாபிலிஸ் பெண் கொசு, கிருமியை ஏற்றுக்கொண்டுவிடும். தை மாதப் படைப்பிற்கு ஐம்பது பேர் வந்து தங்கவிருந்த வீட்டில் அப்படியொரு கொசு உலவுவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. கடலுக்கு அப்பால் இலங்கையில் 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அதே நாடு 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. ஆனாலும் வெளிநாடுகளிலிருந்து காய்ச்சலோடு வருபவர்களின் இரத்தத்தை அங்கே இன்றும் விடாமல் சோதிக்கிறார்கள். நோய் போனாலும் கொசு போகவில்லை. கிருமியோடு ஒருவர் வந்து சேர்ந்தால் மறுபடியும் பரவும். ஆகவே நான் முதலில் வாங்கிய வலை எங்களுக்காக அன்று, நோயாளிக்காக. கொசுவலை என்றால் நலமாக இருப்பவர் கட்டிக்கொள்வது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காய்ச்சல்காரரை வலைக்குள் படுக்க வைத்தால் வீடே காப்பாற்றப்படும்.

கடைக்காரர் அளவெடுக்க நேரில் வந்தது எனக்குப் பிடித்திருந்தது. கட்டிலின் நீளம் அகலத்தைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு தைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளுக்கு உதவாது. எங்கள் வளவின் தூண்கள் பர்மாத் தேக்கு. சுவர்கள் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகிட்ட சுண்ணாம்புப் பூச்சு. இரண்டிலும் ஆணி அடிக்க நான் சம்மதிக்கவில்லை. அவர் சற்று நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, தூணுக்குத் தூண் பருத்திக் கயிற்றைச் சுற்றிக் கட்டி, கயிறு தேக்கை அறுக்காமல் இருக்க உள்ளே துணிப்பட்டை வைத்து, அதிலிருந்து வலைகளைத் தொங்கவிட்டார். ஓராண்டில் ஒரு தூணிலும் தடம் விழவில்லை.

வலையின் கண் அளவைப் பற்றி நான் கேட்டபோது அவர் தயங்காமல் 156 என்றார். சதுர அங்குலத்திற்கு 156 கண்கள் என்பதுதான் இதன் பொருள். கொசு நுழையாமலும் காற்று நுழைந்தும் இருப்பதற்கு நெடுங்காலமாக ஏற்கப்பட்ட அளவு இது. இதைவிட நெருக்கமான பருத்தி வலையும் கடையில் இருந்தது. பார்க்க அழகாகவும் தொட மென்மையாகவும் இருந்தாலும், நம் சித்திரை வெயிலில் அதற்குள் படுத்தவர் நள்ளிரவில் வலையைத் தூக்கி எறிந்துவிடுவார். பாலியஸ்டர் வலையே போதும். சாதாரணக் கட்டில் வலை ஒன்றுக்கு 850 ரூபாய் வாங்கினார்கள். கீழ்ப்பகுதியில் ஓரடி உயரத்திற்குக் கெட்டித்துணி வைத்துத் தைத்துக் கொடுத்ததால் இந்த விலை நியாயமானது. அந்தக் கெட்டித்துணி அலங்காரத்திற்கு அன்று. தூக்கத்தில் கையோ காலோ வலையோடு ஒட்டிக் கிடந்தால் கொசு வெளியிலிருந்தே கடித்துவிடும். துணி இருக்கும் இடத்தில் அது முடியாது. மெத்தைக்கு அடியில் செருகினாலும் கிழியாது.

பாய்க்கான பெரிய வலைகளைத்தான் நான் அதிகம் பாராட்டுவேன். படைப்பிற்கு வந்தவர்களில் பாதிப்பேர் பட்டாலை என்னும் கூடத்தில் ஜமக்காளமும் பாயும் விரித்துப் படுப்பவர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வலையின் ஓரம் வழுக்கிக்கொண்டு விலகும். கடைக்காரர் ஓரத்தை மடித்துத் தைத்து, அதனுள் சன்னமான மணல் நிரப்பிய குழல்போல ஒன்றை ஓடவிட்டார். அந்தக் கனத்தில் வலை தரையோடு படிந்து நிற்கிறது. இது எந்தப் பெரிய கடையிலும் ஆயத்தமாகக் கிடைப்பதில்லை.

குறை வாயிலில் இருந்தது. உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு துணிகள் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது ஒன்றரை அடியாவது படிய வேண்டும். 3 வலைகளில் நான்கு விரற்கடைதான் படிந்தது. புரண்டு படுத்தால் திறந்துகொண்டது. திருப்பிக் கொடுத்தோம். மறுப்புச் சொல்லாமல் வாங்கிக்கொண்டாலும், இரண்டு நாளில் தருவதாகச் சொன்னதற்குப் பன்னிரண்டு நாள் ஆக்கினார்கள். வலையைப் பெறும்போதே கட்டித் தொங்கவிட்டு, உள்ளே ஒருவரைப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

6 கட்டில் வலைகளில் 2 மருந்து ஏற்றப்பட்டவை. தலா 1,350 ரூபாய். இவற்றைக் கடைக்காரர் தைக்கவில்லை, தருவித்துக் கொடுத்தார். இதன் பயனை அவர் விளக்கியது போதவில்லை என்பதால் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். இவற்றின் நூலிலேயே டெல்டாமெத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி ஊறியிருக்கும். மனித வாடைக்கு வந்து வலையில் அமரும் கொசு அந்த மருந்தை மிதித்துச் சாகிறது. சாதாரண வலையில் தடுக்கப்பட்ட கொசுவோ அடுத்த கட்டிலுக்குப் போகிறது. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. ஒட்டுண்ணி அதன் வயிற்றுச் சுவரில் வளர்ந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை வந்தடையப் பத்து நாளோ அதற்கு மேலோ ஆகும். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் நுண்ணோக்கியில் கண்டது, கொசுவின் வயிற்றுச் சுவரில் நிகழும் அந்த வளர்ச்சியைத்தான். அந்த இடைவெளிக்குள் கொசு எத்தனை இரவு வந்தாலும் மருந்து வலையில் அமர வாய்ப்பு இருக்கிறது. அமர்ந்து செத்தால், நோயைக் கடத்தும் வயதை அது எட்டுவதே இல்லை. ஆகவே வீட்டில் ஒன்றிரண்டு மருந்து வலைகளே வாங்க முடியுமானால், காய்ச்சல்காரருக்கும் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் அவற்றைக் கொடுக்க வேண்டும்.

பயன்படுத்தும் முறை உறையில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. கடையில் ஒரு வரி தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு வலை மிஞ்சியிருக்கும். படைப்பு முடிந்ததும், உதவிக்கு இருந்த பெண் நல்லெண்ணத்தோடு அதைச் சலவைத் தூளில் ஊறவைத்துத் துவைத்து, மாடியில் மூன்று நாள் வெயிலில் உலர்த்திவிட்டாள். வெயிலும் காரமான சலவைப் பொருளும் மருந்தைக் கெடுத்துவிடும். புதிய வலையைப் பிரித்து நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டபின் கட்ட வேண்டும். அழுக்கானால் சாதாரணச் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு மெதுவாக அலசி நிழலிலேயே உலர்த்த வேண்டும். இப்படிப் பேணினால் 20 சலவை, அல்லது 3 ஆண்டு வரை மருந்து வேலை செய்யும் என்பது இவ்வலைகளுக்கான அளவுகோல். அலசிய தண்ணீரை ஊருணியிலோ கண்மாயிலோ கொட்டக் கூடாது, ஏனெனில் இந்த மருந்து மீன்களுக்கு நஞ்சு. ஊருணிப் படியில் வைத்துத் துவைக்கும் பழக்கம் உள்ள நம் ஊர்களில் இதைக் கட்டாயம் சொல்லி விற்க வேண்டும்.

சன்னல் வலைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. துருப்பிடிக்காத எஃகு வலையில் சட்டம் அடித்தது சதுர அடிக்கு 140 ரூபாய், வேலை சுத்தம். ஒட்டுநாடா வைத்து ஒட்டும் நைலான் வலை மலிவாக இருந்தாலும், நம் சுண்ணாம்புச் சுவரில் ஒரு கோடைக்கு மேல் ஒட்டி நிற்காது. ஆனால் வானம் பார்த்த முற்றம் உள்ள வீட்டில் சன்னலை மட்டும் அடைப்பதால் மலேரியாக் கொசு நின்றுவிடாது. பொழுது சாய்ந்ததும் அது முற்றத்தின் வழியாகவே இறங்கி வரும். முற்றம் முழுவதற்கும் வலைப்பந்தல் போடலாம் என்று கடைக்காரர் 38,000 ரூபாய்க்கு மதிப்புப் போட்டார். நான் வேண்டாமென்றேன். வேம்பின் சருகு அதில் மக்கி மழைநீர் தேங்கும், வீட்டின் மூச்சும் அடைபடும். அனாபிலிஸ் அந்தியிலிருந்து விடியும் வரை கடிப்பது. அந்த நேரத்தில் பெரும்பகுதியை நாம் படுக்கையில்தான் கழிக்கிறோம். பந்தலுக்கான பணத்தில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் வலை வாங்கிவிடலாம். பகலில் கடிக்கும் டெங்குக் கொசுவுக்குச் சன்னல் வலை ஓரளவு உதவும் என்பதால் 14 சட்டங்களையும் வீண் என்று சொல்லமாட்டேன். மலேரியாவை நினைத்து மட்டும் செலவிடுவதானால் இது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

முதலில் செய்ய வேண்டிய வேலையைத்தான் கடைக்காரர் தம் விலைப்பட்டியலில் சேர்க்கவே இல்லை. கிணற்றுக்கு வலைமூடி வேண்டும் என்று நான் சொன்னபோது அவருக்குப் புரியவில்லை. "சாக்கடை பக்கத்துலகூட இல்லையே ஆச்சி, நல்ல தண்ணிக் கிணத்துக்கு எதுக்கு மூடி?" என்று கேட்டார். கொசு என்றால் சாக்கடை என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது. சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி தேடுவது தெளிந்த நீரை: கிணறு, மாடித் தொட்டி, மழைநீர் சேமிக்கும் அண்டா. சென்னையில் காலங்காலமாகக் கிணறுகளும் மேல்தொட்டிகளுமே அதன் வீடு. நம் வீடுகளில் இவை மூன்றும் உண்டு. முற்றத்தின் நான்கு மூலையிலும் விழும் மழைநீரைக் கிடாரங்களில் பிடித்து வைப்பது நம் முன்னோர் கண்ட அருமையான ஏற்பாடு. மூடாமல் பத்து நாள் வைத்தால் அதுவே கொசுவுக்குத் தொட்டில்.

வாளியைக் கிணற்றில் விட்டு, நீர்ப்பரப்பை உரசினாற்போல் மொண்டு, வெள்ளை எனாமல் தட்டில் ஊற்றிக் காட்டினேன். எட்டுப் பத்துப் புழுக்கள் இருந்தன. கியூலெக்ஸ் புழுவும் டெங்குக் கொசுவின் புழுவும் வாலிலுள்ள குழலை நீர்மட்டத்தில் பொருத்தித் தலைகீழாகத் தொங்கும். அனாபிலிஸ் புழுவிற்கு அந்தக் குழல் இல்லை. ஆகவே அது நீர்ப்பரப்பிற்கு இணையாக, மிதக்கும் துரும்புபோல் படுத்திருக்கும். தட்டில் இருந்தவை அத்தனையும் படுத்திருந்தன. அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். பின் தம் வேலையாளைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார். "இத்தனை வருசமா வலை தைக்கிறேன், ஆச்சி. இதைப் பார்த்ததில்லை" என்றார். வகுப்பறையை விட்டு வந்தபின் எனக்கு அவ்வளவு நிறைவு தந்த பாடம் வேறில்லை.

மூடி வரும்வரை, சுகாதாரப் பணியாளர் ஒருவர் கம்பூசியா மீன்கள் சிலவற்றைக் கொண்டுவந்து கிணற்றில் விட்டார். விரலளவுகூட இல்லாத அந்த மீன்கள் புழுக்களைத் தேடித் தின்பவை. கிணற்றுக்கு அவை நல்லவை. ஊருணியில் விட்டால் அங்குள்ள நாட்டு மீன்களையும் தவளைக் குஞ்சுகளையும் விட்டுவைக்கா. ஆகவே மிச்சமானவற்றை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம்.

கிணற்று மூடிக்கு 7,200 ரூபாய் ஆயிற்று. இரும்புக் குழாயில் இரண்டு அரைவட்டங்கள். மேலே எஃகு வலை. கப்பியில் வாளி இறங்கும் பக்கத்து அரைவட்டம் மட்டும் திறக்கும். பழைய காலத்தில் கையால் கட்டிய கிணறு சரியான வட்டமாக இருப்பதில்லை என்பதை அவர் அளவெடுக்கும்போது எண்ணிப் பார்க்கவில்லை. முதல் முறை பொருத்தியபோது கைப்பிடிச் சுவருக்கும் சட்டத்திற்கும் இடையே ஒரு பக்கம் இரண்டு விரல் இடைவெளி. கொசுவுக்கு அது கோபுர வாசல். மறுவாரம் ரப்பர்ப் பட்டையைச் சுற்றிலும் வைத்து இறுக்கி அதைச் சரிசெய்தார், கூடுதல் பணம் கேட்கவில்லை. கீல் மட்டும் மழையில் துருவேறிவிட்டது; தொடக்கத்திலேயே பித்தளைக் கீல் கேட்டு வாங்க வேண்டும். மாடித் தொட்டிக்கு இறுக்கமான மூடியும், வழிந்தோடும் குழாயின் வாய்க்கும் காற்றுக் குழாயின் வாய்க்கும் வலைத்தொப்பியும் போட 900 ரூபாய்தான். பலரும் தொட்டியை மூடிவிட்டு அந்தக் குழாய் வாய்களை மறந்துவிடுகிறார்கள்.

வைகாசியிலும் ஆவணியிலும், பின் இந்த ஐப்பசி அடைமழைக்குப் பிறகும் அதே வாளியையும் அதே வெள்ளைத் தட்டையும் கொண்டு பார்த்தேன். கிணற்று நீரில் ஒரு புழுவும் இல்லை. கிடாரங்களை வெள்ளிக்கிழமைதோறும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிறோம். முட்டை கொசுவாக நம் வெப்பத்தில் ஒரு வாரமாவது வேண்டும் என்பதால் வாரம் ஒருமுறை என்ற கணக்கு தவறக் கூடாது. தம்பி மகனுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. படைப்பிற்கு வந்து போனவர்களில் யாருக்கும் குளிர்காய்ச்சல் என்ற செய்தி வரவில்லை. வந்திருந்தால் அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும் என்று விடைபெறும்போதே ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பினேன். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அந்தச் சோதனையும் மருந்தும் இலவசம். மலேரியாவில் கொடியதான பால்சிபாரம் வகையாக இருந்தால் ஓரிரு நாள் தாமதமே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

எங்கள் தெருவில் ஆண்டில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஐந்து. ஒவ்வொன்றின் பின்கட்டிலும் திறந்த கிணறு இருக்கிறது. மொள்ளுவார் இல்லாததால் நீர் அசையாமல் கிடக்கிறது. எங்கள் கிணற்றை மூடிய பிறகும் அந்தக் கிணறுகளை நினைத்து எனக்கு உறக்கம் வரவில்லை. சென்னையிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் அவ்வீட்டுக்காரர்களுக்குத் தட்டிலிருந்த புழுக்களின் படத்தை அனுப்பிப் பேசினேன். மூவர் உடனே ஒப்புக்கொண்டார்கள். வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சாவிக்கொத்தோடு வந்து கதவுகளைத் திறந்துவிட, கடைக்காரர் சென்ற வாரம் அளவெடுத்துப் போயிருக்கிறார். இம்முறை கயிற்றை ஓரிடத்தில் பிடித்து அளக்கவில்லை. கைப்பிடிச் சுவரைச் சுற்றி எட்டு இடங்களில் அளந்து குறித்துக்கொண்டார். கீல் பித்தளைதான் என்று அவராகவே சொன்னார். மீதி இரண்டு வீட்டுக்காரர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. மாசியில் சிவராத்திரிக்கு ஊருக்கு வருவார்கள், அப்போது வாளியும் தட்டுமாக நேரில் போக இருக்கிறேன்.